பழத்தோலும் கொட்டையும் சக்கையும் சர்க்கரை நோயும்

(அறக்கட்டளையின் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாமில் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே தரப்படுகிறது.)



வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு, இட்லி சாப்பிட்டு, இரண்டாவது முறை கொடுக்கக் காத்திருக்கும் சகோதரர்களே! உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. யாரும் நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழத்தின் தோல், கொட்டை, சக்கை என்று தலைப்பு வைத்தபோது நம் நிர்வாகிகளில் ஒருவர் சிரித்தார். பழத்தைப் பற்றியே பேச ஆயிரம் இருக்க, குப்பைக்கூடைக்குப் போவதைப் பற்றி என்ன பேச்சு என்றார். காரணம் இருக்கிறது.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் குடும்பம் சில மாதங்களுக்கு முன் நம் பைத்துல்மாலுக்கு உதவி கேட்டு வந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம். அவருக்கு ஐம்பது வயது ஆகவில்லை. ஆறு வருடமாகச் சர்க்கரை. கைபேசியில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்து நாவல் கொட்டைப் பொடி வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டார். உடம்பு லேசாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாராம். நான்கு மாதம் கழித்துப் பட்டறையில் ஒரு தகரச் சில்லு செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறியிருக்கிறது. வலி தெரியவில்லை. ஒளு செய்யக் காலை நீட்டியபோது மகன் பார்த்துச் சொன்ன பிறகுதான் காயமே தெரிந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் மனைவி உதவிப் பணத்தை வாங்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "பாய், வீட்டுல இன்னும் அரை பாட்டில் பொடி இருக்கு. தூக்கிப் போட்டுடவா, வச்சுக்கவா?" எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எங்களுக்குத் தெரிந்த மருத்துவர்களைக் கேட்டோம், கிடைத்ததைப் படித்தோம். அந்தச் சகோதரிக்கு நாங்கள் தேடிய பதில்தான் இன்றைய பேச்சு.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல். நோயின் வாசல்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். இந்த அரங்கத்தில் எத்தனை பேர் என்பது இன்று மாலைக்குள் தெரிந்துவிடும். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலோ, மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி 6.5-ஐத் தொட்டாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மறுபரிசோதனை, மருந்து எல்லாம் அவர் சொல்வார்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் சேலம், நாமக்கல் மாவட்டக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சேகோ ஆலையைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அலசி, வடிகட்டுகிறார்கள். பாலாக இறங்குவது மாவு. அது ஜவ்வரிசியாகி நம் பாயசத்துக்கு வருகிறது. மேலே நிற்கும் நார்ச்சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. அதாவது, ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவது நமக்கு. மெதுவாக்கும் நார் மாட்டுக்கு! மாட்டுக்குச் சர்க்கரை நோய் வருகிறதா என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் கால்நடைக் கல்லூரிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

சிரிப்பு போகட்டும். இதே சேகோ ஆலையைத்தான் நாம் ஒவ்வொருவரும் வீட்டு மிக்ஸியில் நடத்துகிறோம். சாத்துக்குடி மூன்று நான்கைப் பிழிந்து ஒரு டம்ளர் சாறு எடுக்கிறோம். சக்கை கூடைக்குப் போகிறது. நான்கு சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகத் தின்னச் சொன்னால் இரண்டோடு நிறுத்திவிடுவோம். சாறாக இருந்தால் நான்கின் சர்க்கரையும் அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும். பழத்தின் சதையிலும் சுளையின் தோலிலும் பெக்டின் என்ற ஒருவகை நார் இருக்கிறது. தண்ணீர் பட்டால் கொழகொழவென்று ஆகும். வயிற்றில் அது உணவோடு கலந்து குடலுக்கு மெதுவாக இறக்கிவிடும், சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகமும் குறையும். சாறு வடிகட்டும்போது நாம் எடுத்தெறிவது இந்தப் பிரேக்கைத்தான்.

அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 1,87,000 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. முழுப் பழமாகத் தின்றவர்களுக்கு, அதிலும் திராட்சை, ஆப்பிள் போன்றவற்றைத் தின்றவர்களுக்கு, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தது.

ஆகவே தாய்மார்களே, பழக்கழிவைப் பயன்படுத்துவது என்றால் முதல் வேலை, கழிவை உண்டாக்காமல் இருப்பது. சர்க்கரை நோயாளிக்குச் சாறு வேண்டாம், சுளை போதும். நோன்பு திறக்கும் நேரத்தில் மேசையில் வரிசையாக நிற்கும் ஜூஸ் ஜக்குகளுக்கும் இது பொருந்தும். விருந்தினருக்கு ஜூஸ் கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் வழக்கம் நம் வீடுகளில் எப்போது வந்தது என்று தெரியவில்லை. நம் பாட்டிமார் பழத்தை நறுக்கித் தட்டில்தான் வைத்தார்கள்.

அடுத்து, நம் ஊரில் உண்மையாகவே வீணாவது என்ன, அதில் எது தட்டுக்கு வரலாம் என்று பார்ப்போம்.

வாழைதான் முதலில். பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் காவிரிக் கரையோரம் போனால் குலை வெட்டிய பின் மரங்கள் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். குலை ஏலத்துக்குப் போகிறது, இலை கட்டாகிப் போகிறது. தண்டும் பூவும் கொஞ்சம் சந்தைக்கு வரும், மீதி வயலிலேயே மட்கும். சர்க்கரை நோயாளிக்குப் பூவன் பழத்தைவிட அந்தத் தண்டும் பூவும்தான் உறவுக்காரர்கள். தண்டில் தண்ணீரும் நாரும்தான் பெரும்பகுதி, மாவுச்சத்து மிகக் குறைவு. வட்டமாக நறுக்கும்போது நூலை விரலில் சுற்றி எடுத்து, மோர் கலந்த தண்ணீரில் போட்டு, பாசிப்பருப்போடு பொரியல் செய்ய எல்லோருக்கும் தெரியும். நேரம் ஆகிறது என்றுதான் விட்டுவிட்டோம். நம் வீட்டுத் தாளிச்சாவில் கத்திரிக்காயும் மாங்காயும் போடுகிறோம் அல்லவா, அதோடு தண்டையும் போட்டுப் பாருங்கள். எலும்புச் சாறு ஏறிய தண்டை யாரும் ஒதுக்கமாட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். காலை நடைப்பயிற்சிக்குப் போகிற இடங்களில் வாழைத்தண்டு ஜூஸ் விற்கிறார்கள். தண்டை அரைத்து, வடிகட்டி, நாரை எறிந்துவிட்டுத் தண்ணீரைக் கொடுக்கிறார்கள். மறுபடியும் சேகோ ஆலை!

வாழைப்பூ வடைக்கும் இதே கதை. பூ நல்லது, எண்ணெய்க் குளியல்தான் கெடுக்கிறது. பூவைப் பருப்போடு உசிலியாகவோ, கொத்துக்கறியோடு வதக்கியோ செய்யலாம். திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பூவில் தொக்கு, தண்டில் பானம் என்று வீணாவதை உணவாக்கும் முறைகளை அங்கே ஆராய்ந்து சொல்லித் தருகிறார்கள். சுயதொழில் தேடும் நம் சகோதரிகள் அங்கே விசாரிக்கலாம். வாழைக்காய் சீவும்போது எறியும் தோலையும் பொடியாக நறுக்கி, வேகவைத்து, உளுந்தும் மிளகாயும் வறுத்துத் துவையல் அரைப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம்தான்.

தர்பூசணியின் சிவப்பைத் தின்றுவிட்டு எறியும் வெள்ளைப் பகுதியும் அப்படியே. வெளியே இருக்கும் கெட்டிப் பச்சைத் தோலைச் சீவி எறிந்துவிட்டால் மீதி சுரைக்காய் மாதிரிதான். கூட்டு வைக்கலாம். அதில் சர்க்கரை குறைவு. வெயில் காலத்தில் பழக்கடை வாசலில் மலையாகக் கிடப்பது இதுதான்.

பலாக்கொட்டைக்கு வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். கொல்லிமலைப் பலா இறங்கும் காலத்தில் எல்லா வீட்டிலும் கொட்டை சேரும். சர்க்கரைக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, சோறும் தின்று, மேலே ஒரு கிண்ணம் அவித்த கொட்டையும் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதில் நாரும் புரதமும் இருப்பது உண்மை. மாவுச்சத்தும் நிறைய இருக்கிறது. எனவே குழம்பில் ஐந்தாறு கொட்டை போட்டால் தட்டில் ஒரு கரண்டிச் சோறு குறைய வேண்டும். கூட்டுவது மட்டும் தெரிந்து கழிக்கத் தெரியாத கணக்கு சர்க்கரை நோயில் செல்லாது.

இப்போது மாம்பழக் காலம். சேலத்துக்காரர்களிடம் மாம்பழத்தைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? இமாம்பசந்த் என்று பெயரே வைத்துக்கொண்டு நம் முன் வந்து நிற்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒரு நாளைக்கு ஒருவருக்கு 100 கிராம் பழம் போதும் என்கிறது. ஒரு மல்கோவா அரைக் கிலோ கூட வரும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் ஒரு கன்னத்தில் பாதியை, சாப்பாட்டோடு சேர்க்காமல், மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடலாம்.

தோல் விஷயம் சுவையானது. கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா பழத்தின் கூழை எடுத்த பின் தோலும் கொட்டையும் குவியும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மாம்பழத் தோலை உலர்த்திப் பொடித்துப் பார்த்தார்கள். அந்தப் பொடியில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. அதை பிஸ்கட் மாவில் கலந்து சுட்டு 2008-ல் ஆய்வு வெளியிட்டார்கள். மாவில் பத்தில் ஒரு பங்கு வரை கலந்தால் சுவை கெடவில்லை, மாம்பழ மணமும் வந்தது. ஆனால் பிஸ்கட் பிஸ்கட்தான், அதில் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கும். "தோல் கலந்தது" என்று எழுதி யாராவது விற்றால் முழுப் பொட்டலத்தையும் காலி செய்துவிட வேண்டாம். அதே நிறுவனத்தில் மாம்பழத் தோல் சாற்றைச் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறைந்தது. எலிகளுக்கு!

மாங்காயைத் தோலோடு தின்பது நமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூட வாசலில் கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு கீறி மிளகாய்த்தூள் தூவித்தான் தருகிறார்கள். தாளிச்சாவிலும் தோலோடுதான் போடுகிறோம். அது போதும். சிலருக்கு மாம்பழத் தோலும் பாலும் பட்டால் உதடு தடித்து அரிக்கும், அவர்கள் தொடவே வேண்டாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. தோலோடு எதைத் தின்றாலும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சந்தேகம் இருந்தால் தோலைச் சீவிவிடுங்கள்.

மாங்கொட்டைப் பருப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேண்டாம் என்றே சொல்கிறோம். ஒடிசாவில் வறுமையில் இருக்கும் பழங்குடி மக்கள் மாங்கொட்டைப் பருப்பைச் சேமித்து வைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது உண்டு. 2001-ல் காசிப்பூர் பகுதியிலும், 2024-ல் கந்தமால் மாவட்டத்திலும் அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் இறந்தார்கள். சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்த பருப்பு விஷமாகிவிடுகிறது. அவர்கள் பசிக்காகத் தின்றார்கள். வீட்டில் அரிசி இருக்கும் நாம் வீடியோவை நம்பி அந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இனி அந்தச் சகோதரியின் பாட்டிலுக்கு வருவோம். நாவல் கொட்டை நம் சித்த வைத்தியத்திலும் யூனானியிலும் நெடுங்காலமாக இருக்கிறது. அதை இகழ எங்களுக்குத் தகுதியில்லை. ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் முறையாகச் செய்த சோதனைகள் குறைவு. பிரேசில் நாட்டில் நாவல் இலைத் தேநீரை ஒரு குழுவுக்கும், சர்க்கரை மாத்திரையை இன்னொரு குழுவுக்கும், யாருக்கு எது என்று தெரியாதபடி 28 நாள் கொடுத்துப் பார்த்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. தேநீர் குடித்தவர்களுக்குக் குறையவில்லை. அது இலை, இது கொட்டை என்று வாதாடலாம், வாதம் நியாயமானதுதான். ஆனால் மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் அளவுக்குக் கொட்டைக்கும் ஆதாரம் இல்லை. சரி, மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமே என்றால், சிலருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். கடையில் வாங்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. சாப்பிட விரும்புகிறவர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும். அந்தச் சகோதரியிடம் நாங்கள் சொன்னது: "பாட்டிலை ஓரமாக வையுங்கள், மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்."

நம்மில் சிலர் இதில் மார்க்கத்தையும் இழுக்கிறார்கள். அல்லாஹ் படைத்த பழத்தில் எதுவும் வீணில்லை, விரயம் ஹராம், ஆகவே தோலையும் கொட்டையையும் தின்றாக வேண்டும் என்று ஒரு சகோதரர் வாதம் செய்தார். சூரா அஃராஃபின் 31-ஆம் வசனம் விரயத்தைத் தடுப்பது உண்மைதான். அதே வசனம் உண்பதையும் பருகுவதையும் பற்றித்தான் பேசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மூன்று பேர் சாப்பாட்டை ஒருவர் தின்பதும் விரயத்தில்தான் சேரும். அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களின் வாழ்க்கையிலிருந்து ஒரு செய்தி புகாரியில் இருக்கிறது. கணவர் ஜுபைர் (ரலி) அவர்களின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளை ஏறக்குறைய இரண்டு மைல் தூரம் தலையில் சுமந்து வருவார்கள். அந்தக் கொட்டை எதற்கு? இடித்துக் கால்நடைக்குக் கொடுப்பதற்கு. ஸஹாபாக்கள் வீட்டில் கொட்டையும் வீணாகவில்லை, மனிதர் தின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நம் தெருவில் ஆடு வளர்க்காத வீடு எத்தனை? நமக்கு ஆகாத தோல் ஆட்டுக்கு ஆகும். ஆட்டுக்கும் ஆகாதது உரக்குழிக்கு ஆகும்.

சிறுநீரகம் பாதித்தவர்கள் இந்தப் பேச்சில் பாதியை மறந்துவிட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் நம் பைத்துல்மாலில் டயாலிசிஸ் உதவி பெறுபவர்களில் பலர் சர்க்கரையால் அந்த நிலைக்கு வந்தவர்கள். வாழைத்தண்டு, வாழைப்பூ, பழங்கள் இவற்றில் பொட்டாசியம் உண்டு. கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே குலைக்கும். "தண்டு கிட்னிக்கு நல்லது" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று டயாலிசிஸ் செய்பவருக்கு யாரும் கொடுத்துவிடாதீர்கள். நார்த்தங்காய், எலுமிச்சைத் தோல் ஊறுகாயில் நார் இருக்கிறது, ஆனால் உப்பு அதைவிட அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்தட்டும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. ஒருநாள் வழக்கமான மதியச் சாப்பாடு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து எழுதிவையுங்கள். இன்னொரு நாள் சோற்றில் இரண்டு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் தண்டுப் பொரியலோ தர்பூசணிக் கூட்டோ வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மாத்திரை இரண்டு நாளும் அதே மாத்திரை. இரண்டு எண்களையும் அடுத்த முகாமுக்குக் கொண்டுவாருங்கள். எங்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

மாத்திரை வாங்கக் காசில்லாமல் பொடிக்குப் போனவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், கட்டணம் கிடையாது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது நம் வரிப்பணம். பதியத் தெரியாதவர்கள் மேசையில் இருக்கும் நம் தம்பிமார்களிடம் ஆதார் அட்டையைக் காட்டுங்கள், எழுதித் தருவார்கள்.

கால் பார்க்கும் மேசை வலது ஓரத்தில் இருக்கிறது. ரத்தம் கொடுத்தவர்கள் செருப்பைக் கழற்றி, பாதத்தையும் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள். நாம் முதலில் சொன்ன சகோதரர்தான் அங்கே உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார். யாராவது பொடி பற்றிக் கேட்டால் அவரே சொல்வார்.

இரண்டாவது ரத்தம் கொடுக்க முதல் இருபது பேர் எழுந்து வரலாம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.